சீனத்தெருவுக்கு வெள்ளையில் போன நாள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமையிலிருந்து நான் மாவ்பியில் பள்ளிக்கூட வாத்தியார். இந்த மேஜையும் சுவர் அலமாரியின் சாவியும் இனி உங்களுடையவை. இருபத்தேழு வயதுக்காரன் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் சிரிப்பு வரும். சிரியுங்கள். கப்பல் பயணிகளுக்கு ரங்கூனைச் சுற்றிக் காட்டும் இந்த வேலையில் ஆறு சீசன் நின்ற என் கால்களைக் கேட்டால் அவை வேறு வயது சொல்லும்.

எந்தக் கப்பல் எந்த ஜெட்டியில் கட்டும், எந்த வண்டிக்காரரை எத்தனை மணிக்கு வரச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஆபீஸ் புத்தகத்தில் இருக்கிறது. எந்த மாதம் எதைக் காட்டுவது என்பதும் இருக்கிறது. மழை விட்டதும் தடிஞ்ஜு விளக்குத் திருவிழா, குளிர் மாதங்களில் ஏரிக்கரையும் மரக்கிடங்கு யானைகளும், தை மாசி வாக்கில் சீனப் புது வருஷம், வெயில் ஏறியதும் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா. இவற்றை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். நான் மூன்று நாளில் செய்தேன். அதுதான் எனக்கு வந்த வினை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

யானையைப் பற்றி மட்டும் முதலில் ஒரு சின்ன விஷயம். என் முதல் சீசனில், மரக்கிடங்குக்கு ஆட்களைத் தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நாங்கள் இறங்குகிற நேரம் கிடங்கு மணி அடித்தது. தேக்கு மரத்தைத் தந்தத்தில் ஏந்தி அடுக்கப் போன யானை, பாதி வழியில் அதைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டுக் குளிக்கப் புறப்பட்டது. இன்னும் ஒரே ஒரு மரம் தூக்கச் சொல்லும்படி நான் பாகனிடம் கெஞ்சினேன். அவர் பர்மியில் சொன்னார்: "நீ சொன்னா நான் கேப்பேன் தம்பி. நான் சொன்னா அது கேக்காது. அதுக்கு மணி தெரியும்." அன்றிலிருந்து நான் மணி அடிக்கும் நேரத்துக்கே ஆட்களைக் கொண்டுபோனேன். மரம் விழுவதைப் பார்க்கத்தான் அவர்கள் அதிகம் கைதட்டினார்கள். சீசன் முடிவதற்குள் துரை, அதாவது நம் மானேஜர், என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டார். நானும் அப்படியே நம்பிவிட்டேன்.

இனி சீனத்தெருவின் கதை.

ஜெர்மன் சண்டை ஓய்ந்து உல்லாசக் கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கிய காலம் அது. சீனப் புது வருஷத்தன்று தாயோத்தானில், நாம் சீனத்தெரு என்கிற அந்தப் பேட்டையில், சிங்க ஆட்டம் நடக்கும். முந்தின வருஷம் நான் பயணிகளைத் தெருவிலேயே நிறுத்தி வைத்ததில், பட்டாசுப் பொறி பட்டு ஓர் அம்மாளின் கவுன் ஓரம் கருகிவிட்டது. அதனால் அந்த வருஷம் மாடி ஒன்றைத் தேடினேன். கோ லிம் என்ற தேயிலை வியாபாரியின் வீடு தெருமுனையில் இருந்தது. கீழே கடை, மேலே மரத்தாழ்வாரம். அவருக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். இரண்டு மாதம் போகிற வருகிற நேரமெல்லாம் அவர் கடையில் உட்கார்ந்து சர்க்கரை போடாத தேநீர் குடித்தேன். கடைசியில் அவரே, பர்மிய வழக்கப்படி என் பெயருக்கு முன்னும் ‘கோ’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துக் கேட்டார்.

"கோ முத்து, உங்களுக்குத் தேத்தண்ணி பிடிக்கலைன்னு முகத்துல எழுதியிருக்கு. அப்புறம் எதுக்கு தினம் வர்றீங்க?"

சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். மாடியைத் தருவதாக ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் மனைவி மா செயினுக்கு இது நிறைமாதம் என்றார். இதற்கு முன் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. "எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு உண்டு. புது வருஷத்தன்னிக்கு யாரு மொதல்ல படி ஏறுறாங்களோ, அந்த வருஷம் அவங்க முகம் மாதிரி இருக்கும்பாங்க. இந்தத் தடவை மொத ஆளு உங்க ஆளுங்கதான். நல்லபடியா வாங்க."

நல்லபடியாக வருகிறோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

நல்லபடி என்றால் எனக்கு அப்போது ஒரே அர்த்தம்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. நம் கம்பெனி கைடுகளின் உடை அது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அது உடைக்கு மேலான ஒன்று. என் அப்பா போட்டாதாங் ஜெட்டியில் அரிசி மூட்டை சுமப்பவர். நான் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள், எங்கள் வம்சத்திலேயே. வேலையில் சேர்ந்த அன்று காலையில் அப்பா சிவப்புக் கட்டம் போட்ட கைலியோடு வாசலில் நின்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஒரு பொட்டு அழுக்குப் படாமப் போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அம்மா தினமும் அதற்கு நீலம் போட்டுக் கஞ்சி போட்டுத் தருவாள். நான் அப்புறம் கைலி கட்டவே இல்லை. வீட்டில்கூட. ஆபீஸில் யாராவது கேட்டால் அப்பா துறைமுகத்தில் இருக்கிறார் என்பேன். கேட்டவர்கள் கணக்கப்பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தியதில்லை.

புது வருஷத்தன்று காலை பன்னிரண்டு பயணிகள் இறங்கினார்கள். நான்கு குதிரை வண்டிகள். முன் வண்டியில் வண்டிக்கார மாரியண்ணன் பக்கத்தில் நான். கப்பல் பிற்பகல் நீரோட்டத்தில் புறப்பட்டுவிடும். வழியில் வழக்கம்போல் திரும்பி உட்கார்ந்து என் பாடத்தை ஒப்பித்தேன். சீனர் வீட்டு வாசல் காகிதங்கள், குவித்து வைக்கும் ஆரஞ்சுகள், அன்று வீடு பெருக்காத வழக்கம், கெட்ட வார்த்தையும் துக்க வார்த்தையும் அன்று வாயில் வரக்கூடாது என்ற கட்டுப்பாடு, எந்த நிறம் எதற்கு என்ற விவரம், எல்லாம். முன் வண்டியில் மெலிந்த ஓர் அம்மாள் மடியில் ஒரு குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வாய்ச்சொல்லை ஒரு வெள்ளைக்கார அம்மாள் எழுதிக்கொள்கிறார்.

தெரு முனையில் இறங்கினோம். விடியற்காலையிலேயே வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம் தெரு முழுக்கக் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது. வெள்ளைச் சப்பாத்துகள் அதில் சரசரக்க நான் முன்னே, பன்னிரண்டு பேர் பின்னே, வரிசையாகப் போனோம். தெருவில் பேச்சு நின்றது. ஆரஞ்சு விற்ற கிழவர் ஒருவர் எங்களைக் கண்டதும் திரும்பி நின்றுகொண்டார். எங்கள் கூட்டத்தைப் பார்த்து மரியாதையாக ஒதுங்குகிறார்கள் என்று நினைத்தேன்.

கோ லிம் வாசலில் நின்றிருந்தார். கருநீலப் பட்டுச் சட்டை. எங்களைப் பார்த்ததும் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மறையவும் இல்லை, வளரவும் இல்லை. இரண்டு கைகளையும் நிலையின் இருபுறமும் ஊன்றிக்கொண்டார்.

"புது வருஷம் நல்லா இருக்கட்டும், கோ முத்து."

"உங்களுக்கும். ஆளுங்க வந்தாச்சு. மாடிக்குப் போகலாமா?"

"எல்லாம் நல்லது. எல்லாம் நல்லது. இன்னிக்கு வேண்டாம். நாளைக்கு வாங்க."

"நாளைக்குக் கப்பல் கடல்ல இருக்கும்! என்னங்க இது, ரெண்டு மாசமாப் பேசி வெச்சது?"

"நாளைக்கு ரொம்ப நல்ல நாள்" என்றார். சிரிப்பு மட்டும் மாறவே இல்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. அவருக்குப் பின்னால், மாடிப்படியின் பாதியில், மா செயின் நின்றிருந்தார். எங்களைப் பார்த்தவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இவர் என்னை ஏமாற்றுகிறார் என்று தோன்றியது. வேறு எந்தக் கைடோ வந்து மாடியைப் பிடித்துக்கொண்டான் என்று தோன்றியது. பின்னாலிருந்து பெரிய மீசை வைத்த ஒரு பயணி, கப்பலில் எல்லோருக்கும் தலைவர் போல நடந்துகொண்டவர், இங்கிலீஷில் உரக்கச் சொன்னார்: "என்ன தகராறு? நாங்கள் முன்பே ஏற்பாடு செய்தது என்று அந்த ஆளிடம் சொல். ஒதுங்கி நிற்கச் சொல்."

தூரத்தில் சிங்க ஆட்டத்தின் முரசு கேட்கத் தொடங்கியிருந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும். வாக்கைக் காப்பாற்றத் தெரியாத மனிதன் என்று கோ லிம்மை அவர் வாசலிலேயே, அந்த நாளிலேயே, சத்தம் போட்டுக் கேட்டிருப்பேன். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

குறிப்புப் புத்தக அம்மாள் என் கோட்டின் கையை லேசாக இழுத்தார்.

"மிஸ்டர் கைடு, ஒரு சந்தேகம். காலையில் வண்டியில் நீங்கள் சொன்னது இது." புத்தகத்தைப் பிரித்துத் தன் கையெழுத்தையே படித்தார். "'சிவப்பு மங்கல நிறம். வெள்ளை, சீனருக்குத் துக்க நிறம். இறந்தவர் வீட்டுக்கு வெள்ளை உடுத்தி வருவார்கள்.' நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளைத் தொப்பி. வெள்ளைக் கோட்டு. வெள்ளைக் கால்சட்டை. வெள்ளை மஸ்லின் கவுன். வெள்ளைக் குடைகள். பன்னிரண்டு பேர், வரிசையாக. அவர்களுக்கு முன்னால், நீலமும் கஞ்சியும் போட்டு, எல்லோரையும் விட வெளுப்பாக, நான். ஒரு நிறைமாதப் பெண்ணின் வீட்டு வாசலுக்குப் புது வருஷக் காலையில் ஒரு சாவு ஊர்வலத்தை நடத்திக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தேன். அந்த வீட்டுக்காரரால் அதைச் சொல்லக்கூட முடியவில்லை. துக்கம் என்ற சொல்லை அன்று அவர் வாயால் சொல்லக்கூடாது. அதையும் காலையில் நான்தான் வண்டியில் விளக்கிச் சொல்லியிருந்தேன்.

அந்த வரியை அதற்கு முன் ஐம்பது தடவையாவது ஒப்பித்திருப்பேன். ஒரு தடவைகூட என் காதில் விழுந்ததில்லை. வெள்ளைக்காரர்கள் ஆபீஸுக்கும் கடைக்கும் வெள்ளையில் போகிறார்கள், சீனர்கள் ஒன்றும் சொல்வதில்லை என்பது வேறு. நாங்கள் போனது கடைக்கு இல்லை. அந்த வருஷத்தின் முதல் படியை ஏறப் போனோம். தவிரவும், வெள்ளை வேட்டியைப் பார்த்து ஒருவர் முகம் வாடும் என்பதை என்னால் கனவிலும் நினைக்க முடியாது. என் அப்பா தோளில் தூக்கிய மூட்டைகளில் வாங்கிய வெள்ளை அது.

இனி நான் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, வண்டிகளை ஏரிக்கரைக்குத் திருப்பிவிட்டு, வீட்டுக்காரர் மனம் மாறிவிட்டார் என்று பழியை அவர் மேல் போடுவது. எல்லாரும் நம்பியிருப்பார்கள். துரையும் நம்பியிருப்பார். என் பெயருக்கு ஒரு கீறலும் விழாது. ஆனால் வாசலிலிருந்து அப்படியே திரும்பிப் போனால், அந்தப் பெண் அன்று பார்த்த முதல் காட்சி அதுவாகவே தங்கிவிடும். இரண்டாவது, பழியை நானே ஏற்றுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வருவது.

கோ லிம்மிடம் பர்மியில் சொன்னேன். துக்கம் என்ற சொல்லையோ வெள்ளை என்ற சொல்லையோ எடுக்கவில்லை. "நாங்க இன்னும் வரலை. நீங்க பார்த்தது யாரையோ. நாங்க இனிமேதான் வரப்போறோம். கதவைச் சாத்தி வெச்சுக்குங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

பயணிகளைத் தெரு முனைக்குத் திருப்பிக் கூட்டிவந்து, எல்லோர் காதிலும் விழும்படி இங்கிலீஷில் சொன்னேன். தவறு வீட்டுக்காரருடையது இல்லை, உங்களுடையதும் இல்லை, என்னுடையது. எனக்குத் தெரிந்ததை நான் நினைத்துப் பார்க்கவில்லை. கால் மணி நேரம் கொடுத்தால் திருத்திவிடுவேன். ஆனால் நீங்கள் உடுத்தியிருக்கும் வெள்ளை தெரியக்கூடாது.

மீசைக்காரர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "என் கால்சட்டையைக் கழற்ற வேண்டும் என்கிறாயா?"

"அதற்கு மேலே ஒன்று கட்டினால் போதும், ஐயா."

"முட்டாள்தனம். நான் வண்டியில் இருக்கிறேன்" என்று போய் ஏறிக்கொண்டார். மற்ற பதினொரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குறிப்புப் புத்தக அம்மாள், "கடை எங்கே இருக்கிறது?" என்றார்.

அடுத்த தெருவில் ராவுத்தர் பாயின் துணிக்கடை. அவருக்கு அது பண்டிகை இல்லை என்பதால் திறந்திருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! நாளும் கெழமையுமா அந்த மகராசன் வீட்டுக்கா இப்புடிப் போயி நின்னீக? படிச்ச புள்ள செய்யிற வேலையா இது?"

"படிச்சதாலதான் பாய் செஞ்சேன். திட்டுறதை அப்புறம் திட்டுங்க. செகப்பு, ரோஸு, பச்சை, என்ன இருந்தாலும் எடுங்க. அழுக்காகாமத் திருப்பித் தர்றது என் பொறுப்பு."

"அது கெடக்கட்டும். அம்மாமாருகளை உள்ள வரச் சொல்லு. தெருவுல நிக்கிறாக."

மாண்டலே பட்டுக் கைலிகளும் ரோஸ் நிறத் தலைத்துணிகளும் இறங்கின. ஆண்கள் கோட்டின் மேல் வண்ணத் துணியைப் போர்த்தி, கால்சட்டைக்கு மேலேயே கைலியைச் சுற்றிக்கொண்டு ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து முடிச்சுப் போட்டார்கள். பெண்கள் தோளிலிருந்து கால்வரை சிவப்புப் பட்டைப் போர்த்திக்கொண்டார்கள். தொப்பிகளுக்கெல்லாம் ரோஸ் துணி சுற்றினோம், குடைகளைக் கடையிலேயே விட்டோம். கடையே சிரித்தது. முரசு ஒரு தெரு கிட்டே வந்திருந்தது.

பதினொரு பேரும் தயார். பாய் என்னைப் பார்த்தார்.

"நீ?"

அலமாரியில் பட்டு தீர்ந்துபோயிருந்தது. மூலையில் ஒரு கட்டு மட்டும் பிரிக்காமல் கிடந்தது. முரட்டு நூல், சிவப்புக் கட்டம். ஜெட்டி ஆட்கள் வாங்கும் கைலி.

"கோட்டு மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டா..." என்று இழுத்தேன்.

"தம்பி, தலையில வெள்ளை, மேல வெள்ளை, கீழ வெள்ளை. எதுல துண்டைப் போடுவ?"

கடைக்கு உள்ளே, துணி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று வேட்டியை அவிழ்த்தேன். கைலியைக் கட்டி இரண்டு வருஷமாகியிருந்தது. ஆனால் கை மறக்கவில்லை. வலது பக்கம் கொசுவி, இரண்டு முறுக்கு முறுக்கி, உள்ளே செருகி, மேலே ஒரு மடிப்பு. மூட்டைக் கட்டு என்பார்கள். சின்ன வயதில் அப்பா கட்டுவதைப் பார்த்தே பழகியது. கோட்டுக்குப் பதில் பாயின் காப்பி நிறக் கோட்டு, எனக்குத் தொளதொளவென்று. தலையில் ஒரு சிவப்புத் துண்டு.

வெளியே வந்தபோது வண்டிக்காரர்கள் நால்வரும் தெரு முனையில் நின்றிருந்தார்கள். மாரியண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, எல்லோரும் கேட்கும்படி கூவினார்:

"என்ன முத்தையா தொரை! வேலை மாறிடுச்சா? போட்டாதாங்குக்கு வண்டி திருப்பவா?"

மற்ற மூவரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். என் காது மடல்கள் எரிந்தன. இத்தனை நாள் யாரிடமிருந்து ஒளித்தேனோ அவர்கள் எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"திருப்புங்கண்ணே, சாயங்காலம்" என்றேன். "இப்ப சீனத்தெரு."

இந்த முறை தெருவில் யாரும் முகம் திருப்பவில்லை. ஆரஞ்சுக் கிழவர் எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்து, ஒரு பழத்தை எடுத்துக் குறிப்புப் புத்தக அம்மாளின் கையில் வைத்தார். பட்டும் தொப்பியுமாகப் பதினொரு வெள்ளைக்காரர்கள் தடுக்கித் தடுக்கிக் கைலியில் நடந்து போவது சிங்க ஆட்டத்தை விடப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. வாசலில் நின்று கதவைத் தட்டினேன்.

திறந்தது மா செயின். கணவர் பின்னால் நின்றார். மா செயின் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் என்னை. தொளதொளக் கோட்டையும் கட்டம் போட்ட கைலியையும் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

"ஆகோ" என்றார். பர்மியர் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதுவரை அவர் என்னை அப்படி அழைத்ததில்லை. "மொதல்ல நீங்க ஏறுங்க."

நான் பயணிகளைக் காட்டினேன். விருந்தாளிகள் அவர்கள்தானே.

"அவங்க அப்புறம். மொதப் படி உங்க காலு."

முதல் படியில் கால் வைத்தேன். ஓர் ஆரஞ்சு ஜோடியை இரண்டு கையாலும் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன். என் பின்னால் பதினொரு பேரும் தடதடவென்று ஏறினார்கள்.

சிங்கம் வந்தது. தாழ்வாரத்திலிருந்து கயிற்றில் தொங்கிய கீரைக் கட்டை, ஒருவன் தோளில் ஒருவன் ஏறி எட்டிக் கவ்வியது. பட்டாசு வெடித்தது. அந்தச் சத்தத்தில் தெரு முனையில் குதிரை மிரண்டு, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. சற்று நேரத்தில் மாடிப்படியில் கனமான காலடி. மீசைக்காரர். மாரியண்ணனின் குதிரைக்குப் போர்த்தும் சிவப்புக் கம்பளியைக் கழுத்திலிருந்து முழங்கால்வரை சுற்றிக்கொண்டு, குதிரை வாசனையோடு வந்து நின்றார். "இங்கே இடம் இருக்கிறதா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தோம். மா செயின் அவருக்கும் ஆரஞ்சு கொடுத்தார்.

கப்பல் நேரத்துக்குப் புறப்பட்டது. துணிகளைப் பாயிடம் ஒப்படைத்தேன். கைலியை மட்டும் அவர் வாங்க மறுத்துவிட்டார். "கட்டின கைலிய யாருக்கு விக்கிறது? வெச்சுக்க."

மாலையில், நான் மாற்றிக் கட்டியது கைலி என்பதை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததை முழுக்க எழுதித் துரையின் மேஜையில் வைத்தேன். கம்பெனி உடையைப் பொது இடத்தில் கழற்றினேன் என்பதையும் சேர்த்து. அது வேலையை விட்டு நீக்கக்கூடிய குற்றம், உங்கள் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கும். துரை படித்தார். "யோசித்துச் சொல்கிறேன்" என்றார். ஐந்து வாரம் யோசித்தார். அந்த ஐந்து வாரமும் ஒவ்வொரு நாளும் கடைசி நாள் என்றே ஆபீஸுக்கு வந்துபோனேன். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு காலை நேரம், ஆபீஸில் எல்லோரும் இருக்கும்போது, கோ லிம் உள்ளே வந்தார். கையில் ஒரு பிரம்புக்கூடை. நேரே துரையின் மேஜைக்கே போய், தெரிந்த இங்கிலீஷில், கைலி கட்டின ஆளைப் பார்க்க வேண்டும் என்றார்; கோ முத்து என்றால் துரைக்குப் புரியாது என்று நினைத்தாரோ என்னவோ. துரை புருவத்தைத் தூக்கினார்.

"கூலி ஆட்கள் பின்பக்கம் இருப்பார்கள். இங்கே கைலி கட்டுகிறவர் யாரும் இல்லை."

"இருக்கிறார். சிவப்புக் கைலி. அவர்தான் எங்கள் வீட்டு முதல் விருந்தாளி."

அன்று வெள்ளை வேட்டியில்தான் இருந்தேன். குமாஸ்தாக்களின் மேஜைகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டதால் அவர் கண்ணில் நான் படவில்லை. குமாஸ்தாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் பின்பக்கம் போய்த் தேடியிருப்பார்.

நான் எழுந்தேன்.

"நான்தான் சார். கைலி கட்டினது நான்தான். எங்கப்பா போட்டாதாங்குல மூட்டை தூக்குறவரு. அவரு கட்டுறதுதான் அது."

கோ லிம் கூடையைத் திறந்தார். சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டைகள். குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைந்தால் அவர்கள் வழங்குவது. பெண் குழந்தை, நல்ல எடை, ராத்திரியெல்லாம் அழுது தெருவையே எழுப்புகிறது என்று ஒரே மூச்சில் சொன்னார். முதல் முட்டையை என் கையில் வைத்தார். இரண்டாவதைத் துரையின் கையில். துரை அந்த முட்டையை ரொம்ப நேரம் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் பயணிகளுக்குக் கொடுக்கும் அச்சுச் சீட்டில் ஒரு புது வரி சேர்ந்தது: சீனப் புது வருஷச் சுற்றுக்கு வருகிறவர்கள் வண்ண உடையில் வரவும், கைடும் அவ்வாறே வருவார். அந்த வரியை இன்றைக்கு நீங்கள் பார்க்கிறீர்கள். அது வந்த வழி இதுதான்.

சாயங்காலம் முட்டையை அப்பாவிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஓட்டை உரிக்கும்போது சாயம் விரலில் ஒட்டியது. ஒட்டியதைத் துடைக்காமல் கேட்டார்.

"நம்ம கைலியா?"

"ஆமாப்பா."

"எந்தக் கட்டு?"

"மூட்டைக் கட்டுதான்."

"மாடி ஏறினியே. அவுந்துச்சா?"

"இல்லப்பா."

"அவுராது" என்றார். முட்டையை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை எனக்குக் கொடுத்தார்.

தம்பிகளே, உங்கள் பாடத்தை நன்றாக மனப்பாடம் செய்யுங்கள். பயணிகளுக்குச் சொல்லும்போது உங்கள் காதும் அங்கேயே இருக்கட்டும். அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தச் சிவப்புக் கைலியை மடித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சீனப் புது வருஷத்துக்கும் அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன். இனி உங்களில் யாருக்கு அந்தச் சுற்று வருகிறதோ அவர் எடுத்துக்கொள்ளலாம். கோ லிம்மின் மகள் இப்போது வாசலில் நின்று அந்தக் கைலியைத் தேடுவாள், ஏமாற்றாதீர்கள். கட்டத் தெரியாவிட்டால் போட்டாதாங்கில் கடைசி ஜெட்டிக்குப் போய் முத்தையாவின் அப்பா எங்கே என்று கேளுங்கள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து கட்டிக் காட்டுவார்.